உயர்தர சைவமும் மிலிட்டரி ஓட்டலும்

தமிழிலே மிகச் சிறிய இலக்கியம் எது என்று கேட்டால், புலவர் பெருமக்களில் சிலர் திருக்குறளைக் காட்டுவர். சிலர் ஆத்திசூடியைக் காட்டுவர். அவற்றின் அருகே வைத்து எண்ணத்தக்க மூன்றாவது இலக்கியம் ஒன்று உண்டு. அதற்கு இதுவரை உரை கண்டவர் எவருமிலர். ஓலையிலே பொறிக்கப்பட்டதன்று அது, தகரத்திலே தீட்டப்பட்டது. ஆசிரியர் பெயர் இல்லை, பாயிரம் இல்லை, ஆயினும் படித்த மாத்திரத்திலே பசியைக் கிளப்பும் ஆற்றல் அதற்கு உண்டு. பண்ருட்டியிலிருந்து எங்கள் காடாம்புலியூர் வழியாக வடலூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலே மட்டுமன்று, தமிழகத்தின் எந்தச் சாலையிலும் அந்த இலக்கியத்தைக் காணலாம். ஓட்டல் பலகையைத்தான் சொல்கிறேன், தோழர்களே!

ஒரு புறத்திலே "உயர்தர சைவ உணவகம்." மறு புறத்திலே "மிலிட்டரி ஓட்டல்." இரண்டுக்கும் நடுவே சாலை, சாலையிலே நாம், நம் வயிற்றிலே பசி. உண்டபின் உறங்குவது உலக வழக்கு. நாமோ உண்பதற்கு முன்னே சற்று ஆராய்வோம்.

"உயர்தரம்" என்கிறது முதற் பலகை. உயர்ந்தது ஒன்று உண்டு என்றால் தாழ்ந்தது ஒன்று இருந்தாக வேண்டும் அல்லவா? அது எங்கே? "தாழ்தர அசைவ உணவகம்" என்று எவரேனும் பலகை மாட்டியதுண்டா? இல்லை. உயர்வை இவர்கள் எழுதிவிடுகிறார்கள். தாழ்வை நம் மனத்திலே நாமே எழுதிக் கொள்ள விட்டுவிடுகிறார்கள். எழுதாமலே பொருளை உணர்த்தும் இந்த வித்தைக்கு இலக்கணத்திலே குறிப்புப் பொருள் என்று பெயர். உளுந்து ஊறியதா, சாம்பார் கொதித்ததா, இலை கழுவப்பட்டதா என்பதைக் கொண்டு தரத்தை அளந்தால் தகும். கத்தரிக்காய் வெந்த ஒரே காரணத்தால் ஒரு சமையற்கூடம் உயர்தரம் ஆகிவிடுமா? அப்படியானால், வாழ்நாள் முழுவதும் புல்லைத் தவிர வேறெதையும் தொடாத பசுமாடு இந்நேரம் மடாதிபதியாகியிருக்க வேண்டுமே!

மறுபுறம் வாருங்கள். "மிலிட்டரி ஓட்டல்"! எந்தப் போர்க்களத்திலே எந்தப் படை பெற்ற வெற்றியின் நினைவாக இந்தப் பெயர்? உள்ளே நுழைந்து பார்த்தால் பீரங்கி இல்லை, தலைக்கறி இருக்கிறது. அணிவகுப்பு இல்லை, ஆம்லெட் இருக்கிறது. எதிரி யாரென்று தேடினால் ஒரு கோழி, அதுவும் குழம்பிலே. இறைச்சி கிடைக்கும் என்று நேரே எழுதக் கூசி, பட்டாளத்தின் முதுகுக்குப் பின்னே ஒளிந்துகொள்கிறது அந்தப் பலகை. ஒன்று தற்பெருமை பேசும் பலகை. மற்றொன்று தலைகுனியும் பலகை. இந்தத் தற்பெருமை எங்கிருந்து வந்தது? இந்தத் தலைகுனிவு எதனால் வந்தது? இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை தேடுவதே இக்கட்டுரையின் வேலை.

முதலிலே சொற்களை எடுத்துக் கொள்வோம். சைவம் என்பது ஒரு சமயத்தின் பெயர். அது எப்போதோ வெண்டைக்காயின் பெயராகவும் ஆகிவிட்டது. ஆகவே, இசுலாமியத் தோழர் ஒருவர் இட்லி உண்டால் அந்த நேரத்துக்கு அவர் சைவர். திருநீறு பூசிய பெரியவர் நெத்திலியை வறுத்து உண்டால் அவர் அசைவர்! சமயம் மாறாமலே, மந்திரம் ஓதாமலே, நாளுக்கு மூன்று வேளை மதமாற்றம் நடத்தும் ஆற்றல் இந்த ஒரு சொல்லுக்கு இருக்கிறது.

அதனினும் விந்தை "அசைவம்" என்னும் சொல். எண்ணிக்கையில் மிகச் சிலராக இருப்பவரை மறுப்புச் சொல்லால் குறிப்பது இயல்பு. இங்கே நடப்பது தலைகீழ். மத்திய அரசின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பு 2014ஆம் ஆண்டு கண்டபடி, தமிழ்நாட்டிலே 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 97 பேருக்கும் மேல் புலால் உண்பவர்கள். நூற்றுக்கு மூவருக்குச் சொந்தப் பெயர். தொண்ணூற்றேழு பேருக்கு "அல்லாதவர்" என்னும் பெயர்! கடலைப் பார்த்து "நிலம் அல்லாதது" என்று சொல்வதுபோல இருக்கிறது. மிகப் பலர் உண்ணும் உணவுக்குத் தனக்கென்று ஒரு பெயர் இல்லாமற் போனது எப்படி? பெயர் சூட்டும் இடத்திலே அந்தப் பலர் இல்லை, அதுதான் காரணம்.

"கறி" என்னும் சொல்லைப் பாருங்கள். அது எவ்வளவு பெருந்தன்மையானது! சங்க காலத்திலே அது மிளகைக் குறித்தது. இன்று எங்கள் ஊரிலே "கறி எடுத்தாயா?" என்று கேட்டால் ஆட்டிறைச்சி என்று பொருள். அக்கிரகாரத்திலே "இன்று என்ன கறி?" என்று கேட்டால் வாழைக்காய் என்று விடை வரும். ஈழத்துத் தமிழர் காய்களை மரக்கறி என்று அழைக்கிறார்கள். மரத்திலே காய்த்த கறியாம்! எங்கள் பக்கத்துப் பலாப்பிஞ்சை மசாலை அரைத்துக் குழம்பு வைத்தால், அது மரக்கறியா மட்டன் கறியா என்று நாக்கே தடுமாறும். மொழிக்கு இந்தச் சண்டையிலே அக்கறை இல்லை. ஒரே சொல்லை இரண்டு அடுப்பிலும் ஏற்றி வைத்துவிட்டு அது சிரித்துக் கொண்டிருக்கிறது.

சொல்லிலே இல்லாத சண்டை பழைய நூலிலே இருக்கிறதா? தொல்காப்பியர் உணவை எங்கே வைத்தார் என்பதைக் காண்க. நிலத்துக்குரிய கருப்பொருள்களை வரிசைப்படுத்தும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை என்று சேர்த்து வைத்தார். உணவு நிலத்தின் பிள்ளை. கடலோரத்தான் மீனை உண்பான். காட்டான் வேட்டையை உண்பான். வயற்காட்டான் நெல்லை உண்பான். கடலூர் முதுநகர்த் துறைமுகத்திலே வலை இழுப்பவன் வஞ்சிரம் உண்பதும், பண்ருட்டிச் செம்மண்ணிலே வாழ்பவன் பலாக்கொட்டையை வேகவைத்து உண்பதும், சிதம்பரத்தான் கத்தரிக்காய்க் கொத்சுவைக் கொண்டாடுவதும் மண்ணும் நீரும் சேர்ந்து எழுதிய தீர்ப்பு. இந்தத் தீர்ப்பிலே பிறப்புக்குக் கையெழுத்துப் போடும் உரிமை எங்கிருந்து வந்தது?

மண்ணின் தீர்ப்பும் மாறாதது அன்று. எங்கள் வட்டாரத்தைப் பெருமைப்படுத்தும் முந்திரியும், ஆசாரமான சாம்பாரிலே மிதக்கும் மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலே பிறந்தவை. ஐரோப்பியக் கப்பல் தொடர்பு ஏற்பட்டபின் இங்கே வந்தவை. கடல் கடந்து போன மனிதனுக்குப் பிராயச்சித்தம் விதித்த சாத்திரம், கடல் கடந்து வந்த மிளகாய்க்கு மட்டும் அடுப்பங்கரையிலே ஆசனம் அளித்துவிட்டது! காரமாக இருந்தால் தீட்டும் ஓடிவிடும் போலும்.

சங்கப் பாட்டுக்குள் நுழைவோம். கபிலரைப் பாருங்கள். தம்மை அந்தணன் என்றே புறநானூற்றிலே சொல்லிக்கொண்ட புலவர். சேரமான் செல்வக்கடுங்கோ வாழியாதன் அவர் கையைப் பற்றி, "உம் கை இவ்வளவு மென்மையாக இருக்கிறதே!" என்று வியக்கிறான். அவர் தரும் விடை யாது? உம் கை அங்குசமும் வில்லும் பிடித்தது, அதனால் வன்மை உடையது. உம்மைப் பாடுவோர் கைக்கு ஊனும் துவையும் கறியும் சோறும் உண்டு வருந்துவதைத் தவிர வேறு தொழில் இல்லை, அதனால் மென்மை உடையது என்கிறார். அந்தணப் புலவர், அரசவை, கையிலே ஊன்சோற்றின் பெருமை! எவரும் மூக்கைப் பொத்தவில்லை. இன்று கபிலர் பெருநகரத்திலே வாடகைக்கு வீடு தேடி வந்தால், "சைவர்களுக்கு மட்டும்" என்ற அட்டை அவரை வாசலிலேயே வழிமறித்திருக்கும். "ஐயா, குறிஞ்சிப்பாட்டு நான் எழுதியதுதான்" என்று அவர் கெஞ்சினாலும், "பாட்டு இருக்கட்டும், நீர் என்ன சாப்பிடுவீர்?" என்பார் வீட்டுக்காரர்.

பொருநராற்றுப்படையிலே வரும் பொருநன் இன்னும் ஒரு படி மேல். கரிகாலன் விருந்திலே இரவும் பகலும் ஊன் தின்று தின்று, புன்செய் உழுத கொழுவைப் போலத் தன் பற்கள் மழுங்கிவிட்டன என்கிறான். எத்தனை அழகான உவமை! சோழ நாட்டு உழவையும் சோற்றுப் பந்தியையும் ஒரே பல்லிலே கட்டிவிட்டார் முடத்தாமக்கண்ணியார்.

நம் கடலூருக்கு வடக்கே, திண்டிவனம் பக்கத்து ஓய்மானாட்டை ஆண்ட நல்லியக்கோடனைப் பாடியது சிறுபாணாற்றுப்படை. நல்லூர் நத்தத்தனார் பாணனுக்கு வழி சொல்லும்போதே பந்தியையும் சொல்கிறார். எயிற்பட்டினத்திலே பரதவர் வீட்டுச் சுட்ட மீன். வேலூரிலே எயிற்றியர் சமைத்த புளிச்சோறும் ஆமான் சூட்டிறைச்சியும். ஆமூரிலே உழவர் வீட்டு வெண்சோறும் நண்டும். பெரும்பாணாற்றுப்படையின் வழியிலோ ஓரிடத்திலே உடும்பு, ஓரிடத்திலே கோழி, ஓரிடத்திலே பன்றி; அந்தணர் வீட்டுக்கு வந்தால் மாதுளங்காய்ப் பொரியலும் மாவடுவும். பன்றிக்கும் மாவடுவுக்கும் ஒரே பாட்டிலே இடம் கிடைக்கிறது. புலவர் ஒன்றை உயர்தரம் என்னவில்லை. மற்றொன்றைத் தாழ்தரம் என்னவில்லை. எல்லா வீட்டிலும் கதவு திறந்திருக்கிறது என்பதே அவர் பாடிய பெருமை.

இந்த இடத்திலே, நகைச்சுவையைச் சற்று நிறுத்திக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன். அதே சிறுபாணாற்றுப்படையிலே, பரிசு பெறுவதற்கு முன்பு பாணன் வீடு எப்படி இருந்தது என்று ஒரு காட்சி வருகிறது. பசியால் மெலிந்த நாய் குட்டி ஈன்றிருக்கிறது. கண் திறவாத குட்டிகளுக்குக் கொடுக்க அதனிடம் பால் இல்லை. கூரை சரிந்த அடுக்களை. பாணனின் மனைவி குப்பைமேட்டிலே முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பும் இன்றி வேக வைக்கிறாள். பிறர் பார்த்தால் நாணம் என்று கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு கூடி அதைத் தின்கிறாள்.

தோழர்களே! சங்க இலக்கியத்திலே கலப்படமே இல்லாத சைவ உணவு எது என்று கேட்டால், இதோ, இதுதான். மீன் இல்லை, முட்டை இல்லை, நெய் இல்லை, உப்புக்கூட இல்லை. இதைவிடத் தூய சைவம் உலகத்திலே உண்டா? ஆனால் அந்த வீட்டுக் கதவிலே "உயர்தர சைவம்" என்று எழுதி ஒட்ட எவருக்கு மனம் வரும்? இன்றைக்கும் இந்நாட்டிலே கோடிக்கணக்கான ஏழை மக்கள் வாரத்திலே பல நாள் காய்கறி உணவுக்காரர்கள். கொள்கையாலன்று, கொள்முதல் செய்யக் காசில்லாமையால். வசதியுள்ளவன் இறைச்சியை விலக்கினால் அது விரதம். ஏழை விலக்கினால் அது வறுமை. இலை ஒன்றுதான், இலைக்குப் பின்னே இருக்கும் காரணம் வேறு. உணவைப் பற்றிப் பேசுவோர் இந்த வேறுபாட்டை மறந்தால், பேச்சு ருசிக்கும்; நியாயம் ருசிக்காது.

"அப்படியானால் வள்ளுவரை என்ன செய்வாய்? புலால் மறுத்தல் என்று ஓர் அதிகாரமே பாடியிருக்கிறாரே!" என்று நண்பர்கள் மடக்குவர். வள்ளுவரை ஒன்றும் செய்யவேண்டாம். ஒழுங்காகப் படித்தால் போதும். அவர் அந்த இருபத்தாறாம் அதிகாரத்தை இல்லறவியலிலே வைக்கவில்லை. துறவறவியலிலே, அருளுடைமைக்கு அடுத்தபடி வைத்தார். அவர் வாதம் முழுவதும் வெட்டுப்படும் உயிரைப் பற்றியது. உண்பவன் குலத்தைப் பற்றியதன்று. தின்பவன் இல்லையேல் விற்பவன் இல்லை என்று சந்தைக் கணக்கும் போட்டுக் காட்டுகிறார். அவ்வளவோடு நிற்கவில்லை. நெய் சொரிந்து ஆயிரம் வேள்வி செய்வதைக் காட்டிலும் ஓருயிரைக் கொன்று தின்னாமை மேல் என்று சொல்லி, யாகசாலைக்குள்ளும் அடி வைக்கிறார். இது நேர்மையான வாதம். நாம் ஏற்கலாம், மறுக்கலாம், மதிக்காமல் இருக்க முடியாது. ஏனெனில் வள்ளுவர் ஆட்டுக்காகப் பேசுகிறார். "உயர்தரம்" பேசுவோரோ தமக்காகப் பேசுகிறார்கள். நோயும் உணவும் பேசும் மருந்து அதிகாரத்திலே, முன் உண்டது செரித்ததை அறிந்து, பசி அறிந்து, அளவறிந்து உண் என்ற அளவிலே அவர் நின்றுவிட்டார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சமயத்தின் பெயரால்தானே சைவம்? சமயத்தாரின் நூலையே கேட்போம். சேக்கிழார் தில்லை ஆயிரங்கால் மண்டபத்திலே அரங்கேற்றினார் என்று சொல்லப்படும் பெரியபுராணம், கண்ணப்பனைக் கொண்டாடுகிறது. அந்த வேடன் என்ன படைத்தான்? பன்றி இறைச்சி! தீயிலே வாட்டி, பல்லால் கடித்துப் பார்த்து, பக்குவமானதைப் பொறுக்கிப் படைத்தான். அபிடேக நீர் அவன் வாயிலே வந்தது. பூசை செய்த சிவகோசரியார் பதறிப்போனார், இறைச்சியை அகற்றினார், இடத்தைத் தூய்மை செய்தார். கடவுளோ கனவிலே வந்து, அவன் அன்பே பெரிது என்றாராம். கதைதான், நாம் நம்ப வேண்டியதில்லை. நம்புகிறவர்களைத்தான் கேட்கிறேன்: உங்கள் தெய்வமே ஒப்பிய உணவை உங்கள் உணவகம் ஒப்பாதா? கண்ணப்பன் இன்று சைவ உணவகத்துக்கு வந்தால், "வெளியிலிருந்து கொண்டுவரும் உணவுப் பொருள்களுக்கு அனுமதி இல்லை" என்ற அட்டையைக் காட்டி அனுப்பிவிட மாட்டார்களா?

அதே நூலிலே கொள்ளிடக் கரை ஆதனூர் நந்தனும் வருகிறான். அவன் பன்றியும் கொண்டுவரவில்லை; வாய்நீரும் உமிழவில்லை. கோயில் முரசுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் பூசைக்குக் கோரோசனையும் கொடுத்தவன். தில்லை எல்லை வரை வந்தவனின் காலைக் கட்டிப் போட்டது உணவன்று, பிறப்பு. தீயிலே மூழ்கி எழுந்தால்தான் உள்ளே வரலாம் என்றது கதை. ஊன் படைத்தவனுக்கு வீடுபேறு. உழுது பிழைத்தவனுக்கு நெருப்பு! ஒரே நூலுக்குள் இருக்கும் இந்த இரண்டு கதைகளையும் பக்கத்திலே பக்கத்திலே வைத்துப் பாருங்கள். தீட்டு என்பது தட்டிலே என்றும் இருந்ததில்லை. தட்டைப் பிடித்த கையைப் பார்ப்பவன் கண்ணிலேதான் இருந்தது என்பது விளங்கும்.

இங்கிருந்து வடலூர் தொலைவில் இல்லை. வள்ளலாரைப் பேசாமல் இந்தப் பக்கத்தான் எவனும் சோற்றைப் பற்றி எழுத முடியாது. மருதூரிலே 1823இல் பிறந்த இராமலிங்கர், புலால் மறுப்பிலே எவருக்கும் சளைத்தவரல்லர். 1872இல் திறக்கப்பட்ட சத்திய ஞான சபைக்குள் கொலையும் புலையும் தவிர்த்தவரே புகலாம் என்பது விதி. உயிர்க்கொலை செய்து ஊன் உண்பவரைத் தம் உறவினத்தாராகக் கொள்ளாமல் புறவினத்தார் என்றே அவர் பாடினார். நம்மில் மிகப் பலர் அந்தக் கணக்கிலே புறவினத்தார்தாம், ஒப்புக்கொள்வோம். ஆனால் அதே மூச்சிலே அவர் சொன்னது என்ன? அவர்களுக்கும் பசியை மட்டும் தவிர்த்துவிடு என்றார்! 1867இல் அவர் மூட்டிய சத்திய தருமச்சாலை அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. வருகிறவன் சாதி என்ன, சமயம் என்ன, நேற்று என்ன உண்டான் என்று அந்த அடுப்பு கேட்பதில்லை.

நம் கொள்கைக்காரர் சபை வாயிலின் விதியோடு மாறுபடலாம், மாறுபடவும் வேண்டும். ஆயினும் நெறியின் வாயிலிலே விதி வைத்தவர், சோற்றின் வாயிலிலே விதி வைக்கவில்லை என்பதை மறைப்பது திறனாய்வாகாது. கத்தரிக்காயை உண்பதிலே அவருக்குத் தற்பெருமை இல்லை. வாடிய பயிரைக் கண்டபோதும் வாடிய உள்ளம் அது. அருளால் வந்த காய்கறி உணவுக்கும், ஆணவத்தால் வந்த காய்கறி உணவுக்கும் ருசி ஒன்றுதான், குணம் வேறு.

ஆணவம் எப்படிப் பந்தி வைக்கும் என்பதற்கு வரலாறு சான்று தருகிறது. சேரன்மாதேவி குருகுலத்திலே பார்ப்பனச் சிறுவர்க்குத் தனிப்பந்தி வைத்ததால் 1924, 1925ஆம் ஆண்டுகளில் தமிழகமே கொந்தளித்தது. அது மட்டனுக்கும் முருங்கைக்காய்க்கும் நடந்த சண்டையா? இல்லை, சிறுவனுக்கும் சிறுவனுக்கும் இடையே வரைந்த கோட்டைப் பற்றிய சண்டை. இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலே பார்ப்பனர்க்குத் தனியிடம் இருந்தது. 1941இல்தான் அது ஒழிந்தது. அதே காபி, அதே இட்லி. நடுவிலே ஒரு தடுப்பு! அந்தத் தடுப்புக்கு அப்பால் நிறுத்தப்பட்டவர்களிலே மரக்கறியைத் தவிர வேறறியாத சைவ வேளாளரும் உண்டே? அவர்கள் உண்ட வெண்டைக்காய் ஏன் அவர்களைக் காப்பாற்றவில்லை? 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையிலிருந்த "பிராமணாள்" என்னும் சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் கிளர்ச்சி தொடங்கினார். மாதக்கணக்கிலே மறியல் நடந்து, பலர் சிறை சென்றபின் அந்தச் சொல் அகன்றது. எழுந்து போன அந்தச் சொல்லின் நாற்காலியிலேதான் "உயர்தர" வந்து ஓசையின்றி அமர்ந்துகொண்டதோ என்று நான் ஐயுறுகிறேன்.

பழங்கதை என்று தள்ளாதீர். சென்னை ஐ.ஐ.டி. உணவுக்கூடம் ஒன்றிலே 2018 டிசம்பரில் சைவ மாணவர்க்கு ஒரு வாயில், அசைவ மாணவர்க்கு ஒரு வாயில், கை கழுவத் தனித்தனித் தொட்டி என்று அறிவிப்பு ஒட்டப்பட்டது. எதிர்ப்பு எழுந்தபின் அகற்றப்பட்டது. அணுவைப் பிளக்கக் கற்கும் இடத்திலே கைகழுவும் தொட்டியையும் பிளந்து பார்த்துவிட்டார்கள்! கையைத் தூய்மை செய்யும் தண்ணீருக்கே தூய்மை போய்விடுமாம். சோப்புக்கும் இனிச் சிவதீட்சை செய்துவைக்க வேண்டியதுதான்.

எதிரணியை இவ்வளவு கிண்டல் செய்துவிட்டு நம் அணியை விட்டுவிட்டால் அது பகுத்தறிவாகாது. பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தவுடனே புரட்சி முடிந்துவிட்டதாக எண்ணும் தோழர்கள் நம்மிலே உண்டு. இறைச்சி உண்பதே பகுத்தறிவு என்றால், புலிதான் நம் தலைமைப் பேராசிரியர். ஓநாய் துணைப் பேராசிரியர். வெள்ளிக்கிழமை கோழியைத் தொடமாட்டேன், சனிக்கிழமை மீனைப் பார்க்கமாட்டேன், புரட்டாசி முழுவதும் முட்டையை முகர்ந்தும் பார்க்கமாட்டேன் என்று நாட்காட்டியைக் கேட்டு நாக்கை அடக்கும் வீரர்களும் நம் கூட்டத்திலே வந்து கைதட்டுகிறார்கள்.

அது போகட்டும்; சிரித்துவிட்டு விடலாம். சிரிக்க முடியாத ஒன்று உண்டு. மரக்கறிக்காரன் நம்மைப் பார்த்து மூக்கைச் சுளித்தால் நாம் கொதிக்கிறோம். ஆட்டுக்கறி தின்பவன் மாட்டுக்கறி தின்பவனைப் பார்த்து மூக்கைச் சுளிக்கும்போது நம் கொதிப்பு எங்கே போகிறது? வஞ்சிரம் வாங்குபவன் கருவாட்டுக் குழம்பின் மணத்தைக் கண்டு முகத்தைத் திருப்புகிறானே, அந்த முகம் யார் முகம்? ஆம்பூரிலே 2022 மே மாதம் நடக்கவிருந்த பிரியாணித் திருவிழாவிலே மாட்டுக்கறிப் பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள், கண்டனம் எழுந்தது, விழாவே தள்ளி வைக்கப்பட்டது. பிரியாணி என்றால் எல்லாரும் ஒன்று என்று எண்ணியிருந்தோம். அண்டாவுக்குள்ளும் அடுக்கு இருக்கிறது! நான்கு அடுக்கிலே மேலே இருப்பவனை இறங்கச் சொல்பவன், தன் காலுக்குக் கீழே இருப்பவன் தோளிலிருந்து தானும் இறங்க வேண்டும். அதைச் செய்யாதவன் ஏணியை வெறுப்பவனல்லன். ஏணியிலே தன் படி போதவில்லை என்று முறையிடுபவன்.

இந்தச் சண்டைக்கெல்லாம் கடைசியிலே விலை கொடுப்பவர் யார்? பள்ளிக்கூடத்துப் பிள்ளை. நான் ஆசிரியன், ஆகவே இதை அழுத்திச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு. 1956இல் காமராசர் ஆட்சியிலே மதிய உணவு வந்தது, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியிலே அது சத்துணவாக விரிந்தது. 1989இல் கலைஞர் ஆட்சியிலே இரு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. 2010இல் வாரத்துக்கு ஐந்து முட்டை ஆயிற்று. முட்டை வேண்டாத பிள்ளைக்கு வாழைப்பழம். ஒரு முட்டையிலே ஏறத்தாழ 6 கிராம் புரதம் இருக்கிறது. பருப்பு விலை ஏறிய வீட்டுப் பிள்ளைக்கு அது சிறிய செல்வமன்று.

வேறிடங்களிலே என்ன நடந்தது? மத்தியப் பிரதேசத்திலே 2015இல் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை தரும் யோசனையை முதலமைச்சரே தள்ளிவிட்டார். கருநாடகத்திலே 2021இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு முட்டை கொடுக்கத் தொடங்கியதும் மடாதிபதிகள் சிலர் எதிர்த்து எழுந்தார்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் வளராதவர்கள் மத்தியப் பிரதேசத்திலே நூற்றுக்கு 35 பேருக்கு மேல், தமிழ்நாட்டிலே 25. முட்டை ஒன்றே இந்த வேறுபாட்டை உண்டாக்கியது என்று நான் சொல்லமாட்டேன். நமது இருபத்தைந்தும் பெருமைக்குரிய எண்ணன்று. ஆனால், வளராத குழந்தையின் தட்டிலிருந்து ஒரு முட்டையைத் தூக்கிவிட்டு, அதற்குப் புனிதம் என்று பெயர் வைப்பது எந்த அருளுடைமையிலே சேரும்?

ஆசிரியர்களாகிய நாங்கள் பூச்சிய மதிப்பெண்ணையும் முட்டை என்றே சொல்வோம். தட்டிலே முட்டை விழாத பிள்ளைக்குத்தான் விடைத்தாளிலே முட்டை விழுகிறது, தோழர்களே! காலிவயிற்றோடு கணக்குப் போடும் பிள்ளையைக் கரும்பலகை அறியும்.

ஆதலால், உண்ணுங்கள், விரும்பியதை உண்ணுங்கள். உயிருக்கு இரங்கி ஊனை விட்டவரைக் கண்டால் வணங்குங்கள். அவர் இலையிலே வற்புறுத்தி எலும்பை வைக்காதீர்கள். கருவாடு சுட்டு உண்பவனைக் கண்டால் பக்கத்திலே அமருங்கள், மூக்கைச் சுளிக்காதீர்கள். மாட்டுக்கறி உண்பவன் பந்தியிலே உங்களுக்கும் ஓர் இடம் இருக்கட்டும். தமிழ்நாட்டுச் சத்துணவுக் கூடத்திலே ஒரு பிள்ளை முட்டையின் ஓட்டை உரிக்கிறது. அடுத்த பிள்ளை வாழைப்பழத்தின் தோலை உரிக்கிறது. இரண்டும் ஒரே தரையிலே, ஒரே வரிசையிலே, முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கின்றன. பெரியவர்களுக்குப் புரியாதது அந்தப் பிள்ளைகளுக்குப் புரிந்திருக்கிறது. அந்த வரிசை கலையாமல் காப்பதே நம் வேலை.